திறந்தே கிடக்கும் காதுக் குழாய்: சொந்த மூச்சு காதில் கேட்டால் என்ன செய்வது?

மணிமுத்தாறு அணையைத் தாண்டி மாஞ்சோலைக்கு பஸ் வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியதும் காது அடைத்துக்கொள்ளும். பக்கத்து இருக்கைப் பெரியவர், "எச்சிலைக் கூட்டி விழுங்கு, சரியாகிவிடும்" என்பார். விழுங்கினால் காதுக்குள் 'டப்' என்று ஒரு சிறு சத்தம் கேட்கும். அடைப்பு விலகி, என்ஜின் இரைச்சல் முழுதாகக் காதில் விழும். நடுச்செவியையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைக்கும் மெல்லிய குழாய் ஒன்று கணநேரம் திறந்து மூடியதால் வந்த சத்தம் அது. அதற்கு யூஸ்டேஷியன் குழாய் என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறியல் அறிஞர் பார்த்தலோமேயோ யூஸ்டாக்கி அதை விவரித்தார். அவர் பெயரை அதற்குச் சூட்டியவர், 1704-இல் காதைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய வல்சால்வா. மூக்கைப் பொத்திக்கொண்டு காற்றை உந்திக் காதைத் திறப்போமே, அந்த உத்தி இன்றும் வல்சால்வா பெயரில்தான் வழங்குகிறது.

வயது வந்தவர்களுக்கு இந்தக் குழாய் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். காதை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கு எலும்புக்குள் ஓடுகிறது. மீதிப் பகுதி குருத்தெலும்பாலும் சவ்வாலும் ஆனது. அந்த மீதிப் பகுதிதான் நமக்கு முக்கியம், ஏனென்றால் அதன் சுவர்கள் எப்போதும் ஒன்றோடு ஒன்று ஒட்டியே இருக்கும். நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மேலண்ணத்துத் தசை ஒன்று இழுத்து, அரை நொடிக்கும் குறைவான நேரம் அதைத் திறந்துவிடும். நடுச்செவியில் உள்ள காற்றை அங்குள்ள சவ்வு சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், அவ்வப்போது புதுக் காற்று உள்ளே போய்ச் செவிப்பறையின் இருபுறமும் அழுத்தம் சமமாக வேண்டும். வேலை முடிந்ததும் குழாய் மறுபடி மூடிக்கொள்கிறது.

இது திறக்காமல் போனால் என்ன ஆகும் என்று பலருக்கும் தெரியும். சளி பிடித்தால் காது அடைக்கும், குழந்தைகளுக்குக் காதில் நீர் கோக்கும். ஆனால் மூடாமல் போனாலும் தொல்லைதான் என்பது பலர் கேள்விப்படாத செய்தி. மூடியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் பேசும் குரலும் விடும் மூச்சும் தொண்டையின் மேற்பகுதியில் பெரிய சத்தங்கள். குழாய் மூடியிருப்பதால்தான் அவை நேராக நடுச்செவிக்குள் புகாமல் இருக்கின்றன. குழாய் திறந்தே கிடந்தால், நம் குரல் உள்வழியாகப் போய்ச் செவிப்பறையைத் தட்டும். வில்லுப்பாட்டுக் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசினால் எப்படி முழங்குமோ, அப்படித் தன் குரல் தனக்கே கேட்கும். மூச்சு இழுக்கும்போது ஓர் இரைச்சல், விடும்போது ஓர் இரைச்சல். காதுக்குள் ஏதோ நிரம்பியது போன்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கோளாறு புதிதல்ல. மூச்சோடு சேர்ந்து ஒருவரின் செவிப்பறை அசைவதை ஜெர்மானிய மருத்துவர் ஷ்வார்ட்சே 1864-இல் பதிவு செய்தார். 1867-இல் இங்கிலாந்து மருத்துவர் ஜேம்ஸ் ஜாகோ தன் காதிலேயே இருந்த இந்தத் தொல்லையைப் பற்றி விரிவாக எழுதினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், நோயாளி வாய் திறந்து சரியாகச் சொல்லாவிட்டால் இது எளிதில் நழுவிவிடுகிறது.

நழுவுவதற்கு முதல் காரணம், குழாய் மூடிக்கொண்டவரும் "காது அடைக்கிறது" என்றுதான் சொல்கிறார், திறந்தே கிடப்பவரும் "காது அடைக்கிறது" என்றுதான் சொல்கிறார். ஒரே புகார், நேர் எதிரான இரண்டு கோளாறுகள். மூடிய குழாய்க்கு, மூக்கின் உட்சவ்வைச் சுருங்க வைக்கும் சொட்டு மருந்தும் வீக்கத்தை வற்ற வைக்கும் மாத்திரையும் கொடுப்பார்கள். அதே மருந்து திறந்த குழாயில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சதையையும் சுருக்கி, அதன் வாயை இன்னும் அகலமாக்கிவிடும். ஆகவே, மெடிக்கலில் போய்க் "காதடைப்புக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிப் போடுவது இந்த விஷயத்தில் வேண்டாத வேலை.

இரண்டையும் பிரித்தறிய வீட்டிலேயே கேட்டுக்கொள்ளக்கூடிய கேள்விகள் இரண்டு உண்டு. என் மூச்சு என் காதில் கேட்கிறதா? படுத்தால், அல்லது தலையை முழங்கால்களுக்கு இடையில் தொங்கவிட்டால், சில நொடிகளில் சரியாகிவிடுகிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் திறந்த குழாயைச் சந்தேகிக்க வலுவான காரணம் இருக்கிறது. தலை தாழும்போது குழாயைச் சுற்றியுள்ள சிரைகளில் இரத்தம் தேங்கி, சுற்றுச் சதை உப்பி, குழாய் மூடிக்கொள்கிறது. சளி பிடித்த நாட்களில் இவர்களுக்குக் காது நன்றாக இருப்பதும் இதனால்தான். ஊரே சளியில் காதடைத்து உட்கார்ந்திருக்கும்போது இவருக்கு மட்டும் காது தெளிந்திருக்கும்.

விளக்கத்துக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அம்பாசமுத்திரம் பக்கத்து வில்லுப்பாட்டுப் புலவர், ஐம்பதைத் தாண்டியவர். சர்க்கரை நோய் என்று தெரிந்தபின் ஆளே பாதியாக இளைத்துவிட்டார். சித்திரை வெயிலில் கோவில் கொடைகளில் இரவெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்து, வியர்வை வழியப் பாடுகிறவர். "தந்தனத்தோம்" என்று தொடங்கும்போதே வலது காதில் குரல் முழங்குகிறது. சுடலைமாடன் கதையில் 'மாடன்' என்ற சொல் வரும்போதெல்லாம் காதே அதிர்கிறது. தன் குரல் தனக்குப் பெரிதாகக் கேட்பதால் தன்னையறியாமல் தணித்துப் பாடுகிறார். "என்ன அண்ணாச்சி, குரலே எழும்பவில்லையே" என்று குடம் அடிப்பவர் கேட்கிறார். விடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் பாயில் சாய்ந்தால் எல்லாம் சரி.

இந்த ஒருவரிடமே பாடப்புத்தகம் முழுதும் இருக்கிறது. முதலில் உடல் இளைப்பு. குழாயின் பக்கவாட்டில் கொழுப்புத் திண்டு ஒன்று அணைப்பாக நின்று, சுவர்கள் ஒட்டியிருக்க உதவுகிறது. குறுகிய காலத்தில் உடல் வெகுவாக இளைத்தால் அந்தக் கொழுப்பும் கரைந்து, அந்த இடம் குழிந்துவிடும். சர்க்கரை நோய், நாள்பட்ட காய்ச்சல், கடும் உணவுக் கட்டுப்பாடு, உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை என்று எந்த வழியில் இளைத்தாலும் விளைவு ஒன்றுதான். அடுத்தது நீரிழப்பு. கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டும்போதும், ஓடியாடி வேலை செய்யும்போதும், நெடுநேரம் நின்றுகொண்டோ நிமிர்ந்து உட்கார்ந்தோ இருக்கும்போதும் தொல்லை கூடும். மூன்றாவது அந்த 'மா'. ம, ந, ன, ங போன்ற மூக்கொலிகளைச் சொல்லும்போது அண்ணம் தாழ்ந்து, ஒலி மூக்கின் பின்பக்கம் வழியாகப் போகிறது. குழாயின் வாய் இருப்பதும் அங்கேதான். அதனால் 'கடை, தட்டு' என்பதைவிட 'மாமா, நுங்கு' என்பது காதில் அதிகம் இடிக்கும். தமிழில் மூக்கொலிகளுக்குப் பஞ்சமே இல்லை என்பதால் நம்மவர்களுக்கு இந்தச் சோதனை வீட்டிலேயே சுலபம்.

வேறு காரணங்களும் உண்டு. கர்ப்ப காலத்தில் சிலருக்கு வரும். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானாகப் போய்விடும். கருத்தடை மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, மூக்குத் தொண்டைப் பகுதிக்குக் கொடுத்த கதிர்வீச்சு, பக்கவாதம், தசை நரம்பு நோய்கள் ஆகியவையும் பட்டியலில் இருக்கின்றன. பலருக்குக் காரணம் எதுவும் பிடிபடாமலே போவதும் உண்டு.

புலவர் இன்னொன்றும் செய்கிறார், அதை அவர் நோயாகவே நினைப்பதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கை 'சர்' என்று உறிஞ்சுகிறார். சளி இல்லை. ஆனால் அப்படி உறிஞ்சினால் நடுச்செவிக் காற்று வெளியே இழுக்கப்பட்டு, குழாய்ச் சுவர்கள் ஒட்டிக்கொள்ள, சற்று நேரம் நிம்மதி கிடைக்கிறது. இது உடம்பு தானே கண்டுபிடித்த வைத்தியம்தான், ஆனால் கெட்ட வைத்தியம். ஆண்டுக்கணக்கில் இப்படி உறிஞ்சினால் செவிப்பறை உள்நோக்கிக் குழிந்து, அந்தக் குழியில் தோல் செதில்கள் சேர்ந்து, எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா என்ற கட்டி உருவாக வழி ஏற்படும். வீட்டில் யாராவது சளியே இல்லாமல் ஓயாமல் மூக்கை உறிஞ்சினால், அதட்டுவதற்கு முன் "காதில் ஏதாவது செய்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி பரிசோதனை. பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவமனையானாலும் சரி, தனியார் மருத்துவமனையானாலும் சரி, போக வேண்டிய இடம் காது மூக்கு தொண்டைப் பிரிவு. அங்கே ஒரு வேடிக்கை நடக்கும். காலையில் போய் வரிசையில் உட்கார்ந்து, டோக்கன் கூப்பிடும்வரை பெஞ்சில் சாய்ந்து படுத்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தால், தொல்லை அடங்கியிருக்கும். படுக்க வைத்துக் காதைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். பறை சாதாரணமாக இருக்கும். "காதில் ஒன்றுமில்லை, மனப்பிரமை" என்று அனுப்பப்பட்டவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். நோயாளியின் பொய்யும் அல்ல, மருத்துவரின் அறியாமை மட்டும் என்றும் சொல்ல முடியாது. நோயே வந்து வந்து போகும் இயல்பு உடையது.

விஷயம் தெரிந்த மருத்துவர் புலவரிடம், "அண்ணாச்சி, மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கி வாருங்கள்" என்பார். "காதுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம், டாக்டரம்மா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் போய்வருவார். பிறகு அவரை நிமிர்ந்து உட்காரவைத்து, மைக்ராஸ்கோப்பைக் காதுக்கு நேராகத் திருப்பி, "இடது மூக்கைப் பொத்திக்கொண்டு வலது மூக்கால் பலமாக மூச்சை இழுத்து விடுங்கள்" என்பார். நல்ல காதில் முத்துச் சாம்பல் நிறத்தில் பளபளக்கும் செவிப்பறை அசையாமல் இருக்கும். திறந்த குழாய் இருந்தால், மூச்சை இழுக்கும்போது பறை மெல்ல உள்ளே போகும், விடும்போது வெளியே உப்பும். பறையில் விழும் விளக்கொளியின் பிரதிபலிப்பு அந்த அசைவுக்கு ஏற்ப இடம் மாறும். ஒருமுறை இதைப் பார்த்துவிட்டால் வேறு சாட்சி அதிகம் தேவையில்லை. தலையைக் குனியச் சொல்லி மறுபடி பார்த்தால் அசைவு நின்றிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத அளவு அசைவு என்றால் டிம்பனோமெட்ரி கருவி உதவும். காதுத் துவாரத்தை ரப்பர் முனையால் காற்றுப் புகாமல் மூடி, பறையின் இளக்கத்தை அளக்கும் கருவி இது. சாதாரணமாகப் பதிவாகும் கோடு நேராக ஓடும். மூச்சு விடச் சொல்லும்போது அதில் மூச்சின் தாளத்துக்கு ஏற்பச் சிற்றலைகள் எழுந்து, மூச்சை அடக்கியதும் அவை மறைந்தால், குழாய் திறந்திருக்கிறது என்று பொருள். மூச்சை அடக்கியபின்னும் நாடித் துடிப்போடு அலை தொடர்ந்தால் அது வேறு கதை. இரத்தக் குழாய் சம்பந்தப்பட்ட கோளாறா என்று தேட வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையை நோயாளி காதிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்துக்கொண்டு, அவர் மூச்சையும் மூக்கொலியையும் நேராகவே கேட்டுப்பார்க்கும் மருத்துவர்களும் உண்டு. மூக்கு வழியாக எண்டோஸ்கோப் செலுத்திக் குழாயின் வாயையும் பார்ப்பார்கள். செவித்திறன் பரிசோதனை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதைப் பார்த்து 'காது நன்றாக இருக்கிறது' என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

ஜப்பானில் இந்த நோயில் நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அங்குள்ள காதியல் சங்கம் வகுத்த அளவுகோல் எளிமையானது. தன் குரலோ மூச்சோ கேட்பது அல்லது காது நிரம்பிய உணர்வு இருக்க வேண்டும். படுத்தாலோ குழாயின் வாயை அடைத்தாலோ அது சட்டென விலக வேண்டும். கருவியிலோ கண்ணிலோ மூச்சோடு சேர்ந்த அசைவு தெரிய வேண்டும். மூன்றும் இருந்தால் நோய் உறுதி.

ஆள்மாறாட்டம் செய்யும் கோளாறு ஒன்று உண்டு, அதைத் தவறவிடக் கூடாது. உட்செவியில் உடலின் சமநிலையை உணர உதவும் மேல் அரைவட்டக் கால்வாயை மூடியிருக்கும் எலும்பில் ஓட்டை விழுவது. அமெரிக்க மருத்துவர் லாயிட் மைனர் குழுவினர் 1998-இல் விவரித்த நோய் இது. இதிலும் தன் குரல் முழங்கும். ஆனால் இவர்களுக்குத் தன் காலடி, நாடித் துடிப்பு, சிலருக்குக் கண் உருளும் சத்தம்கூடக் கேட்கும். கொட்டுச் சத்தம் போன்ற பெரிய ஓசைக்குத் தலை சுற்றும். படுத்தாலும் தொல்லை குறையாது. காதெலும்பை நுண்ணிதாகக் காட்டும் சி.டி. ஸ்கேனில் ஓட்டை தெரிந்துவிடும்.

சிகிச்சையில் முதல் படி மருந்தைச் சேர்ப்பதல்ல, எடுப்பது. மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நிறுத்த வேண்டும். ஒவ்வாமைக்குப் போடும் ஸ்டீராய்டு ஸ்பிரே, மூக்கை உலர்த்தும் மாத்திரைகள், நீர் பிரியும் மாத்திரை, கருத்தடை மாத்திரை ஆகியவை தேவைதானா என்று அவற்றை எழுதிக்கொடுத்தவரிடமே கேட்க வேண்டும். இரத்த அழுத்தக்காரர் தானாக மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு வம்பை விலைக்கு வாங்கக் கூடாது. காதில் காய்ச்சிய எண்ணெய் விடுவது நம் பக்கத்து வழக்கம். குழாய் பறைக்கு அந்தப்புறம் இருப்பதால் எண்ணெய் அதன் வாசலைக்கூடத் தொடாது.

அடுத்து நீர். வெயிலில் வேலை செய்பவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் குடிக்க வேண்டும். பதநீரும் நுங்கும் மலிந்து கிடக்கும் ஊர் என்றாலும், சர்க்கரைக்காரரான நம் புலவருக்குப் பதநீர் சரிப்படாது, நீர்மோர் போதும். இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் குடிக்கக் கூடாது. காபியைக் குறைப்பது சிலருக்கு உதவுகிறது. அளவுக்கு மீறி இளைத்தவர்கள் கொஞ்சம் எடை கூடினாலே பலருக்குத் தொல்லை தணியும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டே அதை எப்படிச் செய்வது என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

உப்பு நீர்ச் சொட்டு பலருக்கு ஆறுதல் தருகிறது, ஆபத்தும் குறைவு. மல்லாந்து படுத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தொல்லை உள்ள காதின் பக்கம் திருப்பி வைத்து விட்டால்தான் சொட்டு குழாயின் வாய்வரை போகும். நின்றுகொண்டு விட்டால் தொண்டைக்குள் போய்விடும், பயனில்லை. கடையில் விற்கும் உப்பு நீர்ச் சொட்டே நல்லது. வீட்டில் கலப்பதானால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீராக இருக்க வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு தித்தித்தாலும், ஆற்றிலோ குழாயிலோ பிடித்த பச்சைத் தண்ணீரை மூக்கில் விடக் கூடாது. நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறி உயிரைக் குடித்துவிடும். அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது அரிதினும் அரிது.

இதற்கு மேல் உள்ளவை மருத்துவர் கையில். குழாயின் வாயைச் சற்றே வீங்கவைக்கும் ஈஸ்ட்ரோஜன் சொட்டு, சளியைக் கெட்டியாக்கும் பொட்டாசியம் அயோடைடு ஆகியவற்றைச் சிலர் தருகிறார்கள். பலன் ஆளுக்கு ஆள் மாறும். தைராய்டு கோளாறு உள்ளவர்கள் அயோடைடுக்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும். செவிப்பறை மேல் சிறு காகித ஒட்டு வைத்துக் கனம் கூட்டினால் அசைவு குறைந்து சிலருக்கு நிம்மதி கிடைக்கிறது. பறையில் கிராமெட் என்ற சிறு குழாய் பொருத்துவதும் உண்டு. காது உப்பும் உணர்வுக்கு அது உதவலாம், குரல் முழக்கம் போகும் என்று உறுதி சொல்ல முடியாது.

பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை வரை போக வேண்டியதில்லை. என்ன நோய் என்று தெரிந்து, பயம் விலகியதுமே பாதித் தொல்லை குறைந்ததாகச் சொல்பவர்கள் உண்டு. பேசிப் பிழைக்கும் ஆசிரியர், பாடிப் பிழைக்கும் புலவர் போன்றவர்களுக்குப் பிழைப்பே கெடும் நிலை வந்தால்தான் யோசிக்க வேண்டும். குழாயை முழுதாக அடைக்காமல் குறுக்குவதே நோக்கம். மூக்குப் பக்கமாக எண்டோஸ்கோப் வழியே போய், குழிந்த சுவரில் நோயாளியின் காதிலிருந்தே எடுத்த குருத்தெலும்பை வைத்து மேடாக்குவது ஒரு முறை. அங்கே ஊசி மூலம் பொருளை ஏற்றி உப்பவைப்பது இன்னொரு முறை. செவிப்பறையில் சிறு துளையிட்டு, காதுப் பக்கமிருந்து மெல்லிய சிலிக்கோன் அடைப்பானைச் செருகுவது ஜப்பானில் வளர்ந்த முறை.

எதைச் செய்தாலும் கவனிக்க வேண்டியவை இரண்டு. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி இந்தக் குழாய்க்கு மிக அருகில் ஓடுகிறது. முற்காலத்தில் டெஃப்ளான் பசையை ஊசியால் ஏற்றியபோது அது தமனிக்குள் போய் உயிரிழப்பு நேர்ந்ததால்தான் அந்த முறை கைவிடப்பட்டது. இரண்டாவது, அளவுக்கு மேல் அடைந்துவிட்டால் நடுச்செவியில் நீர் கோத்து, அதை வடிக்கக் கிராமெட் வைக்க வேண்டிவரும். சில காலத்துக்குப் பின் தொல்லை திரும்பி, மறுபடி ஒருமுறை செய்ய நேர்வதும் உண்டு. எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறீர்கள், நீர் கோத்தால் என்ன செய்வீர்கள், பலனில்லாவிட்டால் வைத்ததை எடுக்க முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடலாம்.